ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன்: கால்நடை நோயறிதலில் புதிதாக இறங்குவோருக்கு

"மாதிரி சோதனைக்கு உகந்த நிலையில் இல்லை." கால்நடை ஆய்வக அறிக்கைகளில் மிகவும் எரிச்சலூட்டும் வரி இதுதான். மாடு செத்தாயிற்று, மாதிரி எடுத்தாயிற்று, கூரியருக்குக் காசும் கொடுத்தாயிற்று. கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. இதைவிடக் கேடானது ஒன்று உண்டு. கெட்டுப்போன மாதிரியிலிருந்து, பார்த்தால் சரியாகத் தோன்றும் தவறான எண் வந்து சேர்வது. முதலாவதில் பணம்தான் போகும். இரண்டாவதில் தவறான மருந்து போகும்.

புதிதாகப் பணியில் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள், கள ஆய்வு தொடங்கும் மாணவர்கள், பண்ணைப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் சில பகுதிகள் உதவும். ஊசி போடுவதும் உடலை அறுப்பதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. மற்றவர்கள் என்ன கேட்க வேண்டும், எதைத் தயாராக வைக்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் கேள்வி, பிறகு ஊசி

குழாயைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள்: இந்த முடிவு வந்ததும் நான் எதை மாற்றிச் செய்யப்போகிறேன்? பதில் எழுத வரவில்லை என்றால் மாதிரி எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

"இப்போது நோய்க்கிருமி இருக்கிறதா", "முன்பு எப்போதாவது வந்துபோனதா", "எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும்", "ஏன் செத்தது", "மந்தையில் எத்தனைக்குப் பரவியிருக்கிறது" என்ற ஐந்தும் ஐந்து வெவ்வேறு கேள்விகள். மாதிரியும் சோதனையும் ஒவ்வொன்றுக்கும் மாறும். கிருமியையே தேடுவதானால் பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடுவது) அல்லது வளர்ப்புச் சோதனை (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது). உடல் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறதா என்று பார்ப்பதானால் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சோதனை.

புதியவர்கள் அதிகம் விழும் குழி எதிர்ப்பொருள் சோதனைதான். தடுப்பூசி போட்ட விலங்கிலும் எதிர்ப்பொருள் இருக்கும். சீம்பால் குடித்த கன்றில் தாயின் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே ஒரு சீரத்தில் "பாசிட்டிவ்" என்று வந்தால் அதை மட்டும் வைத்து இப்போது தொற்று இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. நோய் கண்ட அன்று ஒரு முறை, 2 முதல் 3 வாரம் கழித்து அதே விலங்கில் மறுமுறை என்று இரட்டைச் சீரம் எடுத்து, இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆய்வகத்தில் பக்கத்தில் பக்கம் வைத்துச் சோதிக்க வேண்டும். அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் "இப்போதைய தொற்று" என்று சொல்லலாம்.

2. அறுக்கக் கூடாத உடல்கள்

திடீர்ச் சாவு, மூக்கு அல்லது ஆசனவாயிலிருந்து உறையாத கருஞ்சிவப்பு ரத்தம், வேகமாக உப்பும் வயிறு, சரியாக விறைக்காத உடல். இவற்றைக் கண்டால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் தொடாதீர்கள். உடலுக்குள் இருக்கும் கிருமிக்குக் காற்று பட்டால் அது வித்துகளாக மாறும். அந்த வித்து மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும். பயிற்சி பெற்றவர் காது நாளத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பூசிய கண்ணாடித் தகடே முதல் சோதனைக்குப் போதும்.

வெறிநோய் சந்தேகம் இருந்தால் தலையை வெட்டுவது தடுப்பூசி போட்டு, தகுந்த கவசம் அணிந்தவர் வேலை. சோதனைக்கு வேண்டியது மூளைத்தண்டும் சிறுமூளையும்; ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் கரைசலில்) போடாமல் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். கடித்த நாயோ பூனையோ உயிரோடு, நலமாக இருந்தால் கொன்றுவிடாமல் 10 நாள் தனியே அடைத்துக் கண்காணிப்பது நடைமுறை. கடிபட்டவர் மட்டும் ஆய்வக முடிவுக்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. காயத்தை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கோமாரி, பறவைக் காய்ச்சல், ஆட்டுக்கொல்லி, தோல் கழலை போன்றவற்றை அரசுக் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. முதலில் தகவல் கொடுங்கள். மாதிரி எடுப்பதை அவர்களே ஏற்பார்கள், அல்லது வழி சொல்வார்கள். தனியாக எடுத்துத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழக்கு உங்கள் மேல் வரலாம்.

3. ஆய்வகத்தோடு பேசுங்கள்

ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கேட்க வேண்டியவை: இந்தச் சோதனை அங்கே நடக்கிறதா, வேறெங்காவது அனுப்புகிறார்களா? என்ன மாதிரி, எந்தக் குழாய், குறைந்தது எவ்வளவு? குளிர்நிலையா, உறைநிலையா? வாரத்தில் எந்த நாள் சோதனை ஓட்டுகிறார்கள்? எத்தனை நாளில் முடிவு வரும்? பணம் முன்கூட்டியா, பிறகா? பல சோதனைகளை ஆய்வகங்கள் தினமும் ஓட்டுவதில்லை. மாதிரிகள் சேர்ந்ததும் மொத்தமாக ஓட்டும். ஓட்டும் நாளுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்த மாதிரி அடுத்த வாரம்வரை குளிர்பெட்டியில் தூங்கும்.

ஆராய்ச்சிக்காக எடுப்பதானால் இன்னொரு படி உண்டு. சிகிச்சைக்காக எடுக்கும் மாதிரி வேறு, ஆய்வுக்காக எடுக்கும் மாதிரி வேறு. இரண்டாவதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். குழு கூடுவதே மாதத்துக்கு ஒருமுறையாக இருக்கலாம். ஒப்புதலுக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்கிவிடுங்கள். மாதிரி எடுத்துவிட்டுப் பின்தேதியில் ஒப்புதல் வாங்க முடியாது, ஆய்விதழ்களும் ஏற்காது. எல்லை தாண்டி வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் அந்த நாட்டு இறக்குமதி அனுமதி கையில் வந்த பிறகே பொதியைக் கட்டுங்கள்.

4. எந்த விலங்கு, எத்தனை

எல்லோரும் செய்வது: மிகவும் நலிந்து, நான்கு வகை மருந்து வாங்கி, சாகக் கிடப்பதிலிருந்து எடுப்பது. அதில் கிருமி போய், இரண்டாம்கட்டத் தொற்றுதான் மிஞ்சியிருக்கும். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளே ஆன, மருந்து எதுவும் போடாத விலங்கைத் தேடுங்கள். கோழிப் பண்ணையானால் நோய்க்குறி உள்ள உயிருள்ள பறவைகள் மூன்று நான்கும், சற்றுமுன் செத்தவை ஒன்றிரண்டும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனி மாதிரிகளைவிட மேல். அதே கொட்டிலில் நலமாக இருக்கும் இரண்டு மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து "ஒப்பீடு" என்று குறியுங்கள். குறிப்பாகத் தாதுக் குறைபாடு, நச்சு போன்றவற்றில் இது இல்லாமல் எண்களைப் படிப்பது கடினம்.

மந்தையில் நோய் இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் எல்லாவற்றையும் குத்த வேண்டியதில்லை. பெரிய மந்தையில் 10 சதவீதத்துக்காவது நோய் இருக்கும் என்று கொண்டால், அதில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க 29 விலங்கு போதும். 5 சதவீதமானால் 59. 1 சதவீதமானால் 299. சோதனை தவறே செய்யாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சிறிய மந்தையில் எண்ணிக்கை குறையும். பார்க்க வேண்டியது எண்கள் போகும் போக்கை: அரிதான நோயைத் தேடினால் செலவு பல மடங்காகும். சும்மா பத்து மாதிரி அனுப்பி "இல்லை" என்று வந்ததும் நிம்மதியடைவதில் பொருளில்லை.

5. ரத்தம்

பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. ஆகவே இந்தப் பகுதி நீளம்.

குழாய்கள்: செல்களை எண்ணவும், ரத்த ஒட்டுண்ணிகளைப் பார்க்கவும், பி.சி.ஆருக்கும் ஊதா மூடி, அதாவது இ.டி.டி.ஏ. குழாய். எதிர்ப்பொருளுக்கும் பெரும்பாலான வேதிச் சோதனைக்கும் சிவப்பு மூடி, அதாவது சீரம் குழாய். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, ஃப்ளோரைடு குழாய். ரத்தம் உறையும் திறனைப் பார்க்க நீல மூடி, சிட்ரேட் குழாய். இதில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்பது கறாரான அளவு, கோடுவரை நிரப்பியே ஆக வேண்டும். பச்சை மூடி ஹெபாரின் குழாயைப் பி.சி.ஆருக்கு அனுப்பாதீர்கள், ஹெபாரின் அந்த வினையையே தடுத்துவிடும். மூடி நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும், சீட்டையும் படியுங்கள்.

நிரப்பும் வரிசை: நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். ஊதாக் குழாயிலிருந்து ஒரு சொட்டு சிவப்புக்குத் தாவினாலும் கால்சியம் பொய்யாக இறங்கும், பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஈன்ற மாடு படுத்துவிட்டது, கால்சியம் குறைவா என்று பார்க்க வேண்டும் என்று ஊதாக் குழாயில் ரத்தம் அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் குழாயின் வேலையே கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான். எந்த மாட்டின் ரத்தமானாலும் அதில் கால்சியம் குறைவாகத்தான் வரும்.

ஊதாக் குழாயைக் குறைவாக நிரப்பினால் செல்கள் சுருங்கி, ரத்தச் செல் விகிதம் தவறும். நிரப்பியதும் 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள்.

எவ்வளவு எடுக்கலாம்? நலமான விலங்கில் மொத்த ரத்தத்தில் 10 சதவீதம் மேல்வரம்பு. நோயுற்றதில் இன்னும் குறைவு. மாட்டில் இது கவலையே இல்லை. 500 கிராம் பூனைக்குட்டியின் உடலில் ஓடும் ரத்தமே ஏறக்குறைய 30 மி.லி.தான், 3 மி.லி.க்கு மேல் கைவைக்கக் கூடாது. இப்படிப்பட்ட நேரத்தில் எந்தச் சோதனை முதலில் என்று முன்பே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து? மாட்டில் கழுத்துச் சிரை அல்லது வால் நாளம், ஆட்டிலும் குதிரையிலும் கழுத்துச் சிரை, நாயில் முன்னங்கால் சிரை, கோழியில் இறக்கையின் உட்புறச் சிரை.

சீரம் பிரிப்பது: குழாயை அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். உறைவதற்கு முன் குளிர்பெட்டியில் வைத்தால் சீரம் சரியாகப் பிரியாது. உறைந்த பின் சுழற்றிப் பிரித்துத் தெளிந்த சீரத்தை வேறு குழாய்க்கு மாற்றுங்கள். சுழற்றும் கருவி இல்லாத இடத்தில் உறைந்த குழாயை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்து, காலையில் தெளிந்ததை உறிஞ்சி எடுக்கலாம். எதிர்ப்பொருள் சோதனைக்கு இது போதும், சர்க்கரைக்கும் பொட்டாசியத்துக்கும் போதாது. பிரிக்காத ரத்தத்தை ஒருபோதும் ஃப்ரீசரில் உறைய வைக்காதீர்கள். உறைந்து உருகிய செல்கள் வெடித்து எல்லாம் சிவப்பு நீராகிவிடும். பெட்டிக்குள் ஐஸ் பேக்கோடு குழாய் நேரடியாக ஒட்டிக்கிடந்தாலும் இதேதான் நடக்கும். நடுவே துணியோ தாளோ வையுங்கள்.

மெல்லிய ஊசியால் வேகமாக இழுப்பது, ஊசி வழியாகவே குழாய்க்குள் பீய்ச்சுவது, ஈரமான பீச்சுக்குழல் ஆகிய மூன்றும் செல்களை உடைக்கும். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரம் வழியவிடுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் சந்தேகமானால் குழாயோடு நிற்காமல் அங்கேயே இரண்டு தகடுகளில் ரத்தப் பூச்சு போடுங்கள். உண்ணி பரப்பும் ஒட்டுண்ணிகளில் பபேசியாவுக்குக் காது நுனி அல்லது வால் நுனியின் நுண்நாள ரத்தம் சிறந்தது. தைலேரியாவுக்கு வீங்கிய நிணநீர்க் கணுவில் ஊசி போட்டு எடுத்த பூச்சும் சேர வேண்டும். காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் ஓரிரு நிமிடம் நிலைப்படுத்துங்கள். தகட்டில் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை மெத்தனாலில் கரைந்துபோய், யாருடைய தகடு என்றே தெரியாமல் போகும்.

6. பால்: மடிநோய்க்கு

மடிநோய் மாதிரியில் எதிரி பாலில் இல்லை, உங்கள் கையிலும் காம்பின் நுனியிலும் இருக்கிறான். ஒரே மாதிரியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கிருமி வளர்ந்தால் ஆய்வகம் அதை "மாசுபட்டது" என்று ஒதுக்கிவிடும்.

மடி அழுக்காக இருந்தால் கழுவி, முற்றிலும் உலரத் துடையுங்கள். ஈரம் சொட்டும் மடியிலிருந்து எடுக்கவே கூடாது. முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியைத் தேயுங்கள், பஞ்சு வெள்ளையாகவே இருக்கும்வரை. சுத்தம் செய்யும்போது உங்களுக்கு எட்டத்தில் உள்ள காம்பு முதலில், பக்கத்தில் உள்ளது பிறகு. மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் உள்ளது முதலில், எட்டத்தில் உள்ளது பிறகு. அப்போதுதான் சுத்தம் செய்த காம்பின் மேல் உங்கள் கை உரசாது. குழாயைச் சாய்த்துப் பிடித்து, மூடியைத் தரையில் வைக்காமல் விரலிடுக்கில் கவிழ்த்துப் பிடித்து, 3 முதல் 5 மி.லி. பீச்சுங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

உடனே 4 டிகிரியில் குளிர்வியுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராது என்றால் உறைய வைக்கலாம். ஆனால் உறைநிலையில் ஈ. கோலையும் மைக்கோபிளாஸ்மாவும் குறைந்துபோகும் என்பதைப் படிவத்தில் நினைவூட்டுங்கள். மைக்கோபிளாஸ்மா வழக்கமான வளர்ப்பில் வளரவே வளராது, தனியே கேட்க வேண்டும்.

"வளர்ச்சி இல்லை" என்று வந்தால் பதறாதீர்கள், ஆய்வகத்தைத் திட்டவும் வேண்டாம். ஈ. கோலை மடிநோயில் மடி வீங்கி, பால் தண்ணீராகும் நேரத்தில் கிருமியை உடல் ஏற்கெனவே துரத்தியிருக்கலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் விட்டு விட்டு வெளிப்படும். ஒருமுறை வராதது அடுத்த முறை வரும். ஒரு ஊசி ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகு எடுத்த மாதிரிக்கு மட்டும் இந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. அது மாதிரி எடுத்தவரின் பிழை.

7. சாணம், புழுக்கை, எச்சம்

தரையில் கிடப்பதை வாராதீர்கள். ஆசனவாயிலிருந்து கையுறையோடு நேரடியாக எடுங்கள். மாட்டில் ஒரு கைப்பிடி, ஆட்டிலும் நாயிலும் 5 முதல் 10 கிராம். கையுறையையே உள்வெளியாகத் திருப்பி, காற்றைப் பிதுக்கிவிட்டு முடிச்சுப் போட்டால் அதுவே பை.

புழு முட்டை எண்ண வேண்டுமானால் உடனே குளிர்விக்க வேண்டும். வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழுவாகிவிடும், எண்ணிக்கை குறையும். உறைய வைத்தாலும் கெடும். ஆனால் எந்த வகை உருளைப்புழு என்று அறிய லார்வா வளர்ப்பு கேட்டிருந்தால் குளிர்விக்கக் கூடாது. ஆடுகளின் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் முட்டைகள் குளிரில் சாகும். இரண்டும் வேண்டும் என்றால் மாதிரியை இரண்டாகப் பிரித்து இரண்டு விதமாக அனுப்புங்கள்.

குடற்புழு மருந்து வேலை செய்கிறதா என்று சோதிப்பது பண்ணைகள் அதிகம் தவறவிடும், அதே சமயம் செலவு குறைந்த ஆய்வு. மருந்து கொடுக்கும் அன்று ஒரு முறை, பொதுவாக 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுமுறை எண்ணுங்கள். மருந்தைப் பொறுத்து இடைவெளி சற்று மாறும். முட்டை 95 சதவீதத்துக்குக் குறைவாகவே குறைந்திருந்தால் புழுவுக்கு மருந்து பழகிவிட்டது என்ற சந்தேகம் வரும். அதற்கு முன் எடைபோட்டுத்தான் மருந்து கொடுத்தீர்களா என்று பாருங்கள். கண்ணளவில் கொடுத்த குறைமருந்தே பல நேரம் "மருந்து கேட்காத புழு"வாகப் பதிவாகிறது.

கல்லீரல் தட்டைப்புழு முட்டை தொற்று ஏற்பட்டு இரண்டு மூன்று மாதம் கழித்தே சாணத்தில் வரும். அதற்கு முன்பே ஆடு செத்துப்போகலாம். சாணத்தில் முட்டை இல்லை என்பது புழு இல்லை என்பதாகாது.

8. தோல், முடி, கட்டி

சொறிப்பூச்சிக்குப் புண்ணின் நடுவைச் சுரண்டாமல் ஓரத்தைச் சுரண்டுங்கள். அவற்றில் டெமோடெக்ஸ் என்ற வகை மயிர்க்காலில் ஆழமாக இருக்கும். தோலைக் கிள்ளிப் பிதுக்கி, ரத்தம் லேசாகக் கசியும்வரை சுரண்ட வேண்டும். சார்கோப்டெஸ் மேலாக இருக்கும். காது ஓரம், முழங்கை என்று பல இடங்களில் அகலமாகச் சுரண்டியும் கிடைக்காமல் போவது சாதாரணம். படர்தாமரைக்கு ஓரத்து முடியைப் பிடுங்கிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கி வேறு பூஞ்சைகள் ஏறிக்கொள்ளும்.

நாய், பூனைக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த தகடுகளைக் காற்றில் உலர்த்தி அறை வெப்பத்திலேயே அனுப்புங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் நீர் படிந்து செல்கள் சிதையும். ஃபார்மலின் புட்டியோடு ஒரே பெட்டியில் வைத்தால் ஆவியே போதும், சாயம் பிடிக்காது.

9. கரு கலைந்தால்

முழுக் கருவையும் நஞ்சுக்கொடியையும் குளிரில் வைத்து அனுப்புவதே முதல் தெரிவு. நஞ்சுக்கொடி கிடைக்காத மாதிரியில் காரணம் தெரியாமல் போகும் வாய்ப்பு மிக அதிகம். குப்பையில் போகுமுன் எடுத்துவையுங்கள். முழுவதும் அனுப்ப முடியாவிட்டால் கருவின் நான்காம் இரைப்பை நீர், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், இரண்டு மூன்று நஞ்சுக்கொடி மொட்டுகள், தாயின் சீரம்.

புரூசெல்லா, லிஸ்டீரியா, கிளமிடியா, கியூ காய்ச்சல் என்று இங்கே வரும் நோய்களில் பல மனிதருக்கும் ஒட்டும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். கர்ப்பிணிகள் அந்தக் கொட்டிலுக்கே வரக் கூடாது.

10. இறந்த உடல்: திசுவும் ஃபார்மலினும்

செத்த நேரம் தெரியாத, வெயிலில் கிடந்த உடலிலிருந்து நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்புவது வீண். அசைபோடும் விலங்கில் வயிற்றின் சூடே உள்ளுறுப்புகளை அழுக வைக்கும். திறந்ததும் முதலில் கண்ணால் முழுவதும் பார்த்துப் படம் எடுங்கள். குடல் மிக விரைவில் கெடும், ஆகவே திசு எடுப்பதைக் குடலில் தொடங்குங்கள். ஆனால் குடலை அறுத்த கத்தியோடு கல்லீரலுக்குப் போகாதீர்கள். வளர்ப்புக்கான துண்டுகளைத் தனிக் கத்தியால், தனித்தனிப் பைகளில் எடுத்துக் குளிர்வியுங்கள்.

ஃபார்மலின்: கடையில் கிடைக்கும் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இது 10 சதவீத நடுநிலைக் கரைசல். திசு ஒரு பங்கு, கரைசல் பத்துப் பங்கு. துண்டின் தடிமன் அரை செ.மீ.; ஒரு செ.மீ.யைத் தாண்டினால் நடுப்பகுதிக்குக் கரைசல் போய்ச் சேருமுன் அழுகும். புண்ணும் நலமான பகுதியும் சேர்ந்த இடத்தை வெட்டுங்கள். வாய் அகன்ற புட்டி வேண்டும்: குறுகிய வாய்க்குள் மென்மையாக நுழைந்த திசு, இறுகிய பிறகு வெளியே வராது, ஆய்வகத்தில் புட்டியை உடைப்பார்கள். ஃபார்மலினில் போட்டதை உறைய வைக்கக் கூடாது. அதிலிருந்து கிருமி வளர்க்கவும் முடியாது. ஆகவே எப்போதும் இரண்டு தொகுதி: ஒன்று ஃபார்மலினில், ஒன்று குளிரில்.

நச்சு சந்தேகமா? இரைப்பைப் பொருள், கல்லீரல், சிறுநீரகம் (ஒவ்வொன்றும் 100 கிராமுக்குக் குறையாமல்), சிறுநீர், தீவனம் ஒரு கிலோ, குடிநீர். தனித்தனியே கட்டி உறைய வையுங்கள். கண்ணையும் மறக்காதீர்கள்: நைட்ரேட் நச்சு, மக்னீசியக் குறைவு இரண்டையும் இறந்த பிறகும் கண்விழிக்குள் இருக்கும் நீரில் பார்க்கலாம். "ஏதாவது விஷம் இருக்கிறதா பாருங்கள்" என்று எழுதினால் எந்த ஆய்வகமும் பார்க்க முடியாது. ஒவ்வொரு நச்சுக்கும் சோதனை வேறு. எதைச் சந்தேகிக்கிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். வழக்குக்குப் போகக்கூடிய சாவானால் சாட்சி முன்னிலையில் முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும் வேண்டும்.

11. படிவம்

காலியாக வரும் படிவம்தான் ஆய்வகத்தாரின் நிரந்தரக் குறை. கட்டாயம் இருக்க வேண்டியவை: இனம், வயது, ஆணா பெண்ணா, மந்தையின் மொத்த எண்ணிக்கை, நோயுற்றவை, செத்தவை, முதல் நோய்க்குறி தெரிந்த தேதி, தடுப்பூசித் தேதிகள், கொடுத்த மருந்துகள் (பெயர், அளவு, கடைசி நாள்), அண்மையில் மாறிய தீவனம் அல்லது புதிதாக வாங்கிய விலங்கு, உங்கள் சந்தேகம், கேட்கும் சோதனை, மாதிரி எடுத்த தேதியும் மணியும். குழாயில் எழுதிய எண்ணும் படிவத்தில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணை மூடியில் எழுதாதீர்கள். மூடி கழன்றால் எண்ணும் போய்விடும். மருந்து கொடுத்ததை மறைப்பவர்களும் உண்டு. மறைத்தால் ஏமாறுவது நீங்கள்தான்.

12. பொதி

மூன்று அடுக்கு. கசியாத குழாய், அதைச் சுற்றி, உள்ளே இருப்பது முழுவதும் கொட்டினாலும் உறிஞ்சும் அளவு பஞ்சு, அதற்குமேல் கசியாத இரண்டாம் பெட்டி, வெளியே உறுதியான அட்டைப் பெட்டி. ஐஸ் பேக் இரண்டாம் பெட்டிக்கு வெளியே. ஐஸ் கட்டி வேண்டாம். உருகி எல்லாச் சீட்டையும் ஊற வைக்கும். படிவத்தைத் தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டாம் பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே வையுங்கள். ரத்தம் தோய்ந்த படிவத்தை யாரும் பிரித்துப் படிப்பதில்லை.

ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண்களில் சாதாரண நோயறி மாதிரிகள் யு.என். 3373 என்ற வகைக்குள் வரும். 50 மி.மீ. பக்கமுள்ள சாய்சதுரக் குறியை வெளியே ஒட்ட வேண்டும். மிக ஆபத்தான கிருமிகளின் வளர்ப்புகள் யு.என். 2814, 2900 வகைகள். அவற்றை அனுப்பத் தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டாதீர்கள். வாயு சேர்ந்து பெட்டி வெடிக்கும்.

13. நேரமும் செலவும்

வாரத்தின் தொடக்கத்தில் அனுப்புங்கள். வார இறுதியிலோ விடுமுறைக்கு முன்போ புறப்படும் பெட்டி கிடங்கில் வேகும். பாக்டீரியா வளர 1 முதல் 2 நாள், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் மருந்துணர்வுச் சோதனைக்கு மேலும் ஒரு நாள். படர்தாமரைக்கு 2 முதல் 3 வாரம். மாட்டின் ஜோன்ஸ் நோய்க் கிருமியை வளர்க்க மாதங்கள். இந்த நாட்களைக் குறுக்க முடியாது, தினமும் அழைத்தும் பயனில்லை.

செலவைக் குறைக்க நல்ல வழி மாதிரிகளைக் கலப்பது. பறவைகளில் ஐந்து ஸ்வாப் (மாதிரியை ஒற்றி எடுக்கும் குச்சி) வரை ஒரே குழாயில் போட்டுப் பி.சி.ஆர். செய்யலாம். மடிநோயில் நான்கு காம்புப் பாலையும் கலப்பது செலவைக் குறைக்கும், நோய்க் காம்பை மறைக்கவும் செய்யும். ஸ்வாப்களில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்: மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட்டும் பி.சி.ஆரைக் கெடுக்கும், பாலியஸ்டர் நுனியும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதை வாங்குங்கள்.

14. முடிவு கைக்கு வந்ததும்

1,000 மாடுகள், அவற்றில் உண்மையாகவே நோயுள்ளவை 10 என்று வைத்துக்கொள்வோம். சோதனை நோயுள்ளவற்றில் 95 சதவீதத்தைப் பிடிக்கும், நோயற்றவற்றில் 98 சதவீதத்தைச் சரியாக விடுவிக்கும். நல்ல சோதனைதான். ஆனாலும் 10-இல் 9 அல்லது 10 பிடிபடும்போது, நோயற்ற 990-இல் ஏறக்குறைய 20-உம் சேர்ந்து பிடிபடும். "பாசிட்டிவ்" என்று வந்த மூன்றில் இரண்டு நலமான மாடு. மந்தையிலிருந்து கழித்துவிடுவதற்கு முன் வேறு வகைச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டியது இதனால்தான்.

மீந்த சீரத்தையும் திசுவையும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். பல ஆய்வகங்கள் சில வாரத்தில் அழித்துவிடும். இரட்டைச் சீரத்தின் முதல் குழாயை அழித்துவிட்டால் இரண்டாவதை எடுத்துப் பயனில்லை, ஆகவே "இரண்டாவது வரும்வரை வைத்திருக்கவும்" என்று முதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.